காலுக்குப் பாடுகிறவர்: பினாங்குத் தைப்பூசத்தில் நான்கு நாள்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு: பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன்

பினாங்குத் தீவுக்குப் போகும் படகுத்துறையில் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டை அல்லது கைப்பேசி. நோட்டை நீட்டியபடி நின்ற உருமிக்காரப் பையனுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அடுத்து நின்ற மலாய் அம்மா ஒருவர் தன் அட்டையைத் தட்டி அவனை உள்ளே அனுப்பிவிட்டு, அவன் கொடுத்த 2 ரிங்கிட்டையும் வாங்காமல் போய்விட்டார். தோளில் தொங்கிய உருமியே போதும், எதற்கு வந்திருக்கிறான் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வந்த உருமி மேளக் குழு இது. உருமி மூன்று, பம்பை நான்கு, தவில் ஒன்று, ஜால்ரா இரண்டு, பாட்டுக்காரர் ஒருவர். ஆகப் பதினோரு பேர். இந்தக் குறிப்புகள் அந்தப் பதினோராவது ஆளைச் சுற்றியவை. வயது அறுபதைத் தொடுகிறது. பெயர் போடவேண்டாம் என்றுவிட்டார். குழுவில் பெரியவர்களுக்கு அண்ணே, பொடியன்களுக்கு மாமா.

தங்கல், பசார் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடி. ஏர்கோன் போட்ட அறைக்குள் வாத்தியங்களை வைக்க அவர் விடவில்லை. குளிர்ந்த உலர்காற்றில் தோல் இரவெல்லாம் இறுகிக் கிடக்கும். விடியலில் தெருவுக்குக் கொண்டுவந்தால் குளிர்ந்த தோலின்மேல் ஈரக்காற்று வேர்த்து, அரைமணி நேரத்தில் தொய்ந்துவிடும். அதனால் எல்லாம் நடைபாதையில், சுவரில் சாயாமல், ஒரு மின்விசிறிக்கு எதிரே. தரையில் நெகிழிப் பாய், அதன்மேல் சாக்கு.

உருமியின் ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. அதற்குக் குச்சிக்கும் தோலுக்கும் நடுவே பிடிப்பு வேண்டும். தோலில் ஈரமோ, விபூதி குழைந்த வியர்வையோ பட்டால் குச்சி வழுக்கும். 'ம்ம்ம்' என்று வரவேண்டியது 'கீச்' என்று நின்றுவிடும். பாட்டுக்காரருக்கு இது எதற்கு என்றால், இந்த மேளத்தில் தம்புராவும் இல்லை, நாகசுரமும் இல்லை. உறுமலின் அடிக்குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் குரலெடுக்கிறார். அது இறங்கினால் அவரும் தெரியாமல் இறங்குவார்.

இரவுச் சாப்பாடு வாழையிலைச் சைவம், ஆளுக்கு 10 ரிங்கிட். ரசம் இரண்டாம் முறை கேட்டபோது முகம் சுளிக்காமல் சொம்போடு வைத்துவிட்டுப் போனார்கள். குழுவில் பாதிப்பேர் விரதம். இரண்டு தெரு தள்ளி நாசி கண்டார் (மீன், இறைச்சிக் குழம்புச் சோறு) மணக்கிறது. பொடியன்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதோடு சரி.

பாட்டுக்காரர் ஆவதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வரிசை உண்டு. பத்து வயதில் கையில் ஜால்ரா. அது சின்ன வேலை இல்லை. மேளம் எகிறும்போதும் காலத்தைக் கட்டி நிறுத்துவது அந்த இரண்டு தட்டுதான். நான்கைந்து வருடத்தில் பம்பை. பம்பைக்காரன் பின்பாட்டும் பிடிக்கவேண்டும். முன்னவர் ஓர் அடி விட்டதும் 'வேல் வேல்' என்று வாங்கி, அவர் மூச்செடுக்க இடம் கொடுப்பது. பிறகு ஒரு திருவிழாவில் முன்னவருக்குத் தொண்டை கட்டும். அன்றைக்கு யாருக்கு அடி மறக்காமல் வருகிறதோ அவனே அடுத்த பாட்டுக்காரன். பாட்டுக்கார அண்ணன் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடித்த பூசாரியிடம் வர்ணிப்பு, அதாவது சாமியை வர்ணித்து அழைக்கும் பாட்டு, கற்றவர். தோட்டம் இப்போது இல்லை. வர்ணிப்பு இருக்கிறது.

10 பிப்ரவரி, திங்கள்: செட்டிப்பூசம்

விடியுமுன்பே பினாங்கு வீதி நிறைந்துவிட்டது. செட்டிப்பூசம் என்றால் தைப்பூசத்துக்கு முந்தின நாள்; நகரத்தார் (செட்டியார்) கோயில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளிரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிற நாள். 2017 முதல் முருகனின் வேலைத் தாங்கிய தங்கரதமும் ஓடுகிறது. இரண்டு ரதம், இரண்டு கூட்டம், இரண்டுக்கும் தேங்காய்.

தேங்காய் உடைப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாலையோரம் லாரிக்கணக்கில் குவித்து, ரதம் நெருங்கியதும் இரண்டு கையாலும் எடுத்து எறிகிறார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். தலையில் துண்டைச் சுற்றிய சீன மூதாட்டி ஒருவர் ஒவ்வொன்றாக நெற்றிக்குக் கொண்டுபோய் வேண்டிக்கொண்டு போட்டார். அவர் மகன் கூடைகூடையாகக் கவிழ்த்தான். சாலை முழுக்க இளநீர், சிரட்டைச் சில்லு. செருப்பில்லாமல் நடக்கிறவர் ஓரமாக நடப்பதே புத்தி. சிரட்டை குத்தினால் நாளைக்கு நடக்கமுடியாது. பாட்டுக்காரருக்கும் நாளை முழுக்க நடைதான்.

அண்ணன் இன்று ஒரு வரிகூடப் பாடவில்லை. கையில் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. காலை முழுக்க, நாளை காவடி எடுக்கும் குடும்பங்களைத் தேடிப்போய் எழுதினார். மொத்தம் ஐந்து காவடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: என்ன காவடி, எத்தனையாவது வருடம், குலதெய்வம், முன்பு எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா, பக்கத்தில் நடக்கப்போவது யார். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'தம்பி', 'மச்சான்' என்று பதில் வரும். அவர் விடுவதில்லை, முகத்தைப் பார்த்துவைத்துக்கொள்கிறார். நாளைக்குக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப்பேர் திரும்புவார்கள்.

குலதெய்வம் ஏன் என்றால், அருள் வருவதற்கு முருகனை மட்டும் பாடினால் போதாது. காப்பு பிள்ளையாருக்கு, அடுத்து குரு, அதற்கடுத்து அந்தக் குடும்பத்துச் சாமி. முனியாண்டி வீட்டுப் பிள்ளைக்குப் பெரியாச்சியைப் பாடினால் அவன் சும்மா நின்றுகொண்டிருப்பான். நேரம் போகும், குடும்பம் பதறும், மேளக்காரர்கள் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள். வேகம் கூட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. அருள் வராதவனை அடித்து வரவைக்க முடியாது; பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற யாருக்காவது வந்துவிடும், அவருக்கு அலகு குத்தவும் இல்லை, விரதமும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை.

ஒரு வீட்டில் குலதெய்வம் யாருக்கும் தெரியவில்லை. தாத்தா கப்பலேறி வந்தவர், அவரோடு போயிற்று. 'தாத்தா ஊர் எது' என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. 'பாட்டி பொங்கல் வைக்கிறப்போ எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடும்? கோழியா, சர்க்கரைப் பொங்கலா?' கோழி என்றார்கள், கூடவே சுருட்டும் வைப்பார்கள் என்றார் அத்தை. பக்கத்தின் ஓரத்தில் 'காவல் சாமி, பெயரில்லாமல்' என்று எழுதிக்கொண்டார்.

மதியம் 33 டிகிரி. சாலையோரக் கடையில் தே ஓ (பாலில்லாத் தேநீர்) 1 ரிங்கிட் 80 சென், செண்டோல் (தேங்காய்ப்பால் ஐஸ் பானம்) 5 ரிங்கிட். எல்லாரும் செண்டோலுக்குப் போக, அவர் வெந்நீர் கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதில் ஒரு துண்டு அதிமதுரம், நாலு மிளகு, கொஞ்சம் பனங்கற்கண்டு. நாளை தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் ஐஸ் போட்ட சிராப் நீட்டுவார்கள். சூடேறிய தொண்டையில் அது இறங்கினால் பத்து நிமிடத்தில் மேல்ஸ்தாயி போய்விடும் என்பது அவர் கணக்கு. பிறகு கத்தலாம், பாடமுடியாது.

11 பிப்ரவரி, செவ்வாய்: தைப்பூசம்

விடிகாலை 4 மணி, டத்தோ கிராமட் சாலைப் பக்கம். சாம்பிராணிப் புகையில் தெருவிளக்கு மஞ்சளாகக் கரைந்திருக்கிறது. முதல் காவடி அலகுக்காவடி. தூக்குபவர் இருபத்தைந்து வயது, ஆறாவது வருடம்.

மேளம் உடனே எழுவதில்லை. முதலில் விருத்தம், தாளமில்லாமல், உருமி ஒன்று மட்டும் அடியில் முனகிக்கொண்டிருக்க. அவர் காதருகே போய், கூட்டத்துக்குக் கேட்காத குரலில் பாடுகிறார். கண் முழுக்கத் தூக்குபவரின் கால் கட்டைவிரல்மேல். கட்டைவிரல் தரையை அழுந்தப் பிடித்தால் இன்னும் நேரமிருக்கிறது. குதிகால் லேசாகத் தூக்கினால் வருகிறது என்று அர்த்தம். தூக்கியது. கை உயர்ந்தது. பம்பை நான்கும் ஒரே அடியில் விழுந்தன. குத்துகிறவர் வேலையை முடிக்கும்வரை ஒரே அடியைச் சுற்றிச்சுற்றிப் பாடினார். நடுவில் மெட்டு மாற்றினால் உடம்பு அசையும், அலகு தவறும்.

அதன்பிறகுதான் நடை. காவடிச்சிந்து மூன்றெழுத்து நடையில், தகிட தகிட என்று போவது. அது ஏதோ வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்து பார்த்தால் கணக்கு தெரியும். தாள எழுத்து ஒன்றுக்கு ஒரு காலடி வைத்தால், மூன்றில் அழுத்தம் ஒருமுறை இடக்காலில் விழும், அடுத்தமுறை வலக்காலில். தோளிலிருக்கும் பாரம் மாறிமாறி இறங்கும். நான்கெழுத்து நடையில் அழுத்தம் எப்போதும் ஒரே காலில். ஒரு மைல் போவதற்குள் அந்தப் பக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும். காவடிச்சிந்தை எழுதி வைத்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891இல் மறைந்தபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கழுகுமலைக்கு நடந்த கால்களுக்காகப் பிறந்த நடை, தண்ணீர்மலைச் சாலையில் அப்படியே பொருந்துகிறது.

பந்தல்களில் ஒலிப்பது பெரும்பாலும் நான்கெழுத்துதான். சினிமா மெட்டில் பக்திப்பாட்டு, ஆளுயர ஸ்பீக்கர். சினிமா மெட்டு பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. முன்னால் போகும் காவடி நின்றால் பின்னால் வருபவர் நிற்கவேண்டும். நிற்கும்போது பாரம் கூடும். அப்போது பாட்டுக்காரர் அடியை நீட்டி, வேகத்தைத் தணித்து, நின்ற இடத்திலேயே ஆடவிட்டு வைத்திருப்பார். பந்தல் பாட்டு நாலரை நிமிடத்தில் முடிந்து அடுத்த பாட்டுக்குத் தாவும். ஜாலான் உத்தாமாவில் ஒரு பந்தலைக் கடக்கும்போது மூன்றும் நான்கும் மோதி, தூக்குபவரின் கால் ஒரு கணம் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறியது. ஜால்ராப் பையன்கள் இருவரையும் அவருடைய இரண்டு காதுக்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டார் அண்ணன். அது போதுமாக இருந்தது. பந்தல்காரர்களில் ஒருவர் தானாகவே சத்தத்தைக் குறைத்தார். எல்லாரும் குறைப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

9 மணிக்குமேல் தார் கொதிக்கிறது. வீட்டுவாசல்களில் குழாய் போட்டுச் சாலையை நனைக்கிறார்கள், வாளியில் மஞ்சள்தண்ணீர் காவடிக்காரர் காலில் ஊற்றுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் ஒரு வாளி குறி தப்பி நடு உருமியின் தேய்ப்பு முகத்தில் விழுந்தது. உறுமல் போயிற்று. துடைத்து வெயிலில் காட்டினால் காயும். ஆனால் நனைந்த தோல் நேர்வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் விளிம்பில் வெடிக்கும். துணியால் ஒற்றி, சட்டைக்குள் நிழலாக வைத்து, அரைமணி நேரம் இரண்டு உருமியோடு ஓட்டினார்கள். அந்த அரைமணியில் அண்ணன் குரல் ஐந்தரைக் கட்டைச் சுருதியிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டது. பின்பாட்டுக்காரர்களும் சேர்ந்தே இறங்கினார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த காவடிக்கு மைக் செத்தது. தள்ளுவண்டியில் வந்த ஸ்பீக்கரின் மின்கலம் போய்விட்டது. மாற்று மின்கலம் தங்குமிடத்தில், சார்ஜரோடு. வெறுங்குரலில் பாடத் தொடங்கியதும் குழு தானாகவே மேளத்தை அடக்கியது. அந்த ஒரு மணி நேரம்தான் இந்த நாளில் கேட்டதிலேயே நல்ல பாட்டு. போகிற போக்கில் கட்டினார்:

தார்ரோடு கொதிக்குதய்யா, தண்ணிமலை தெரியுதய்யா,
ஊர்ரோடு உறங்கயில ஒம்பேரு ஒலிக்குதய்யா.

இரண்டாம் வரியை வாங்கிக்கொண்டு பந்தலில் நின்ற பெண்கள் திருப்பிப் பாடினார்கள். எங்கேயும் எழுதிவைக்கமாட்டார். அடுத்த வருடம் வேறு வரி வரும்.

பெயரில்லாத காவல்சாமி வீட்டுக் காவடி நான்காவது. காப்பு, குரு முடிந்து, எல்லையில் நிற்பவனே, சுருட்டுப் புகைப்பவனே, பேர் சொல்ல மறந்தவர் வீட்டுக்கு வா என்று விருத்தத்தில் அழைத்தார். பையனைவிட முதலில் அத்தை அழுதார். பையனுக்கும் வந்தது. அந்தச் சாமி யாரென்று அதற்குப்பிறகும் யாருக்கும் தெரியாது.

மலைக்கோயிலுக்கு 500க்கு மேற்பட்ட படி. இந்தக் குழு மேளத்தை அடிவாரத்தில் இறக்கிவிடுகிறது. படியில் மூச்சும் போதாது, பம்பையைக் கட்டிக்கொண்டு தடுக்கினால் பின்னால் வருகிற காவடிமேல்தான் விழவேண்டும். தூக்குபவர் படியில் கால் வைக்கிறவரை ஜால்ராவோடு கூடப்போய், பக்கத்தில் நடக்கிறவரின் கையில் அவரை ஒப்படைத்துவிட்டு, 'தம்பி, மூணு படிக்கு ஒருதரம் வேல் சொல்லு, போதும்' என்று மட்டும் சொல்லித் திரும்பினார். ஐந்து காவடிக்கும் அதே வாக்கியம்.

மாலை 4 மணிக்குப் பந்தலில் சாம்பார் சாதம். தட்டு நீட்டியவர் ஒரு சீன இளைஞர். ஊறுகாய் வேண்டுமா என்று தமிழிலேயே கேட்டார். எல்லாம் இலவசம், இன்று காசு செலவானது கழிப்பறைக்கு 50 சென், காலில் ஒட்டும் பிளாஸ்டருக்கு 4 ரிங்கிட்.

12 பிப்ரவரி, புதன்: தண்ணீர்மலையிலிருந்து திரும்பல்

குரல் இல்லை. முணுமுணுப்பதுகூடக் கூடாது என்பது அவர் சட்டம். கிசுகிசுப்பதும் தொண்டையை வருத்தலாம். கடையில் விரலால் ஒன்று காட்டி, கையை முறுக்கிக் காட்டினார். இஞ்சி தட்டிப்போட்ட தே ஓ வந்தது.

பகலில் வாத்தியச் சுத்தம். பம்பையின் கயிற்றுக்குள் போன குங்குமத்தையும் விபூதியையும் காய்ந்த பல்துலக்கியால் தட்டி எடுக்கிறார்கள், ஈரத்துணி போடுவதில்லை. நனைந்த உருமியின் இழுகயிறுகளைத் தளர்த்தி, இரண்டு நாள் அப்படியே விடச் சொல்லிச் சைகை. ஒருவன் அவசரப்பட்டு இறுக்கப் போய் முதுகில் அடி வாங்கினான்.

இந்த வேலையில் எவ்வளவு வரும் என்று ஒருவர் கேட்டார். குழுவுக்கு மொத்தமாகப் பேசி வாங்குவது. வேன், பெட்ரோல், சாப்பாடு, தோல் மாற்றும் செலவு போக மிஞ்சியதைப் பதினொன்றாகப் பிரித்தால் பாட்டுக்காரருக்கும் ஜால்ராப் பையனுக்கும் ஒரே பங்கு. இது பல குழுக்களில் சண்டைக்குக் காரணம்; இங்கே இல்லை. தமிழ்நாட்டில் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலியில் பாடி, 1985இல் சினிமா வரைக்கும் போனார். கலைமாமணிப் பட்டமும் வந்தது. அப்படி ஒரு படிக்கட்டு இங்கே உருமி மேளத்துப் பாட்டுக்காரருக்கு இல்லை. அண்ணன் குரல் இருக்கிற பதிவு என்றால், காவடிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்ததுதான். அதிலும் முக்கால்வாசி மேளம், முகம் எல்லாம் காவடிக்காரருடையது. அவர் ஓரத்தில் ஒரு தோள்பட்டையாக இருப்பார். வாரநாளில் அவர் லாரி ஓட்டுகிறார்.

மாலை ஒரு சின்ன மழை, பத்து நிமிடம். இரவில் வெள்ளிரதம் தண்ணீர்மலையிலிருந்து கோயில் வீட்டுக்குத் திரும்பியது. நேற்றைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. வீட்டுக்கு வீடு நின்று அர்ச்சனைத் தட்டு வாங்கி, அவசரமில்லாமல் வந்தது. பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பாட்டு நின்றிருந்தது. ரதம் நெருங்கியபோது ஜால்ராப் பையன், இடைநிலைப்பள்ளியில் படிக்கிறவன், யாரும் சொல்லாமல் சிந்து ஒன்றை எடுத்தான். இரண்டாம் அடியில் சொல் மறந்தது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தொடையில் தகிட தகிட என்று தட்டிக்கொண்டேயிருந்தார். பையன் மறந்த இடத்தில் 'பினாங்கு' என்று ஏதோ ஒரு சொல்லைப் போட்டு அடியை முடித்தான். பம்பைக்காரர்கள் சிரித்துக்கொண்டே 'வேல் வேல்' வாங்கினார்கள்.

வேனில் ஏறும்போது அண்ணன் நாற்பது பக்க நோட்டை அவனிடம் கொடுத்தார். அடுத்த பக்கத்தின் மேலே முன்பே எழுதியிருந்தது: பங்குனி உத்திரம், ஏப்ரல் 11, இரண்டு பால்குடம், ஒரு காவடி, குலதெய்வம் கேட்கவேண்டும்.